சீட்டும் இருக்கையும்



இரயில்வேயை நம்பி வாழும் நமக்குப் பயணச்சீட்டு ஓர் உறுதிமொழி; பணம் பெற்றால் இடம் தந்தாக வேண்டும். அவ்வுறுதி அமெரிக்க நாட்டில் முறிந்த வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

அங்கு 1861இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1865இல் ஓய்ந்தது. அடிமை முறையும் ஒழிந்தது. கறுப்பின மக்களுக்கு 1868இல் குடியுரிமையும், அவர்தம் ஆடவர்க்கு 1870இல் வாக்குரிமையும் சட்டமாயின. அவர்கள் சட்டமன்றங்களிலும் அமர்ந்தனர். ஆனால், தென் மாநிலங்களில் அவ்வுரிமைகளுக்குக் காவலாயிருந்த மத்தியப் படைகள் 1877இல் விலகின. உரிமைகளும் ஒவ்வொன்றாய்ப் பறிபோயின.

கறுப்பின வழிவந்த ஹோமர் பிளெஸ்ஸி, 1892இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் முதல் வகுப்புச் சீட்டுடன் வெள்ளையர் பெட்டியில் அமர்ந்தார், கைதானார். பிரித்து வைத்தாலும் சமமே என்று 1896இல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது! அக்கொள்கையைப் பள்ளிகளில் அதே நீதிமன்றம் தகர்க்க 1954 வரை காத்திருக்க நேர்ந்தது. பிளெஸ்ஸிக்கு அரசின் மன்னிப்பு 2022இல் கிடைத்தது. அவரோ 1925இலேயே மறைந்துவிட்டார்.

போரில் வென்ற நீதியையும் அன்றாடம் காத்தாலன்றி அது நிலைக்காது. சீட்டு கொடுக்கும் கையும், சோறு பரிமாறும் கையுமே அதன் காவலர்கள். இன்று நம் சங்கப் பந்தியில் யார் அருகில் யார் அமர்ந்தார் என எவரும் நோக்காதிருப்போமாயின், இவ்விழா சிறந்ததாகும்.