பாதிச் செய்தியும் முழு நட்டமும்

(பதுளையில் நடந்த தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முன்பெல்லாம் பிரட்டுக்களத்தில் ஒரு சேதி காதில் விழுந்தால், கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் எல்லா மலைக்கும் போய்விடும். கைபேசி வந்தபின் அந்த நேரமும் வேண்டியதில்லை. ஆனால் 'இது உண்மையா?' என்று கேட்கிறவர்கள்தான் குறைவு.

2024 மே மாதம் நாட்சம்பளம் 1700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. 'கிடைத்துவிட்டது' என்று நம்மில் பலரும் பகிர்ந்தோம். கம்பனிகள் நீதிமன்றம் போன சேதி அந்த வேகத்தில் பரவவில்லை. செப்டெம்பரில் முடிவான அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய். அதே மாதம் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். கைக்கு வருவது எவ்வளவு என்று தெரியாமல் போடுகிற வாக்கு யாருக்கு உதவும்?

நாம் நம்பும் பொய் ஒரு பக்கம். நம்மைப் பற்றிப் பிறர் நம்பும் பொய் இன்னொரு பக்கம். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பினோம். 'இவர்கள் வந்து போகிறவர்கள்' என்ற பேச்சு பெரிதானது. இங்கேயே பிறந்து, உழைத்து, இங்கேயே மண்ணுக்குள் போனவர்கள் கணக்கில் வரவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் நம்மில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. '2005லும் 2011லும் எச்சரித்தோம், மக்கள்தான் போகவில்லை' என்றார்கள். எச்சரித்தது உண்மை. ஆனால் எங்கே போவது? மாற்றுக் காணி எங்கே இருந்தது? அந்தப் பாதி விடுபட்டுப் போனது. 'போகவில்லை' என்றால் குற்றம் செத்தவர்கள் மேல். 'போக இடம் கொடுக்கவில்லை' என்றால் அரசுக்கும் கம்பனிக்கும் கடமை. எதை நம்புகிறார்களோ, அதை வைத்துத்தான் வீட்டுத் திட்டத்துக்குப் பணமும் ஒதுக்குவார்கள்.

ஆகவே ஒரு சேதி வந்தால், அனுப்புவதற்கு முன் கேளுங்கள்: சொன்னது யார்? என்ன திகதி? கடிதமோ வர்த்தமானியோ எங்கே? நமது சங்கம் அனுப்பியது என்றாலும் கேளுங்கள். நமக்குச் சாதகமான பொய்யும் பொய்தான். மண்சரிவு பற்றிய சேதி என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். ஆனால் மலை வெடித்து, சுவர் பிளந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் முதலில் வெளியேறுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அரச அலுவலகங்களில் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தலைவரும் தலைவியும் ஒரு கடிதத்தின் பிரதியோடு வாருங்கள். 'எங்கள் தோட்டத்தில் மண்சரிவு ஆபத்துள்ள லயங்கள் எவை? அங்கே இருப்பவர்களுக்கு மாற்றுக் காணி எங்கே?' என்று பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதமாக அது இருக்கட்டும். பதில் வந்தால், அதை எல்லோருக்கும் அனுப்புவோம்.