கழற்றத் தெரியாத கவசம் காப்பாற்றாது

(தொழிற்சங்க ஊழியர்களின் வகுப்பில் டாக்டர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மில்லில் முதல் நாள் வேலைக்கு வரும் பையனை ஓடுகிற மிஷினில் கை வைக்க நீங்கள் விடுவதில்லை. பழைய தொழிலாளி ஒருவர் பக்கத்தில் நின்று, "இப்படிப் பிடி, அங்கே தொடாதே" என்று பழக்குகிறார். ஆனால் படிப்பு முடித்து ஆஸ்பத்திரிக்கு வரும் இளம் டாக்டரைக் கொடிய தொற்றுநோய் வார்டுக்குள் அனுப்பும்போது இந்த அக்கறை இருக்கிறதா? "இதோ கையுறை, இதோ அங்கி, மாட்டிக்கொண்டு போ" என்றால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். அந்த நினைப்புக்கு உலகம் கொடுத்த விலை என்ன என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, லைபீரியா, சியர்ரா லியோன் ஆகிய மூன்று ஏழை நாடுகளை எபோலா நோய் சூறையாடியது. 2016-ல் அது அடங்குவதற்குள் 28,600 பேருக்கு மேல் நோய் கண்டது. 11,300 பேருக்கு மேல் மாண்டனர். மருத்துவ ஊழியர்களில் மட்டும் 881 பேருக்குத் தொற்றியது. அவர்களில் 513 பேர் இறந்தனர். சியர்ரா லியோனில் எபோலா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் ஷேக் உமர் கான் 2014 ஜூலை 29-ல் அதே நோய்க்குப் பலியானார்.

இவர்களுக்குத் தைரியம் இல்லையா? படிப்பு இல்லையா? எல்லாம் இருந்தது. ஆனால் பல இடங்களில் கையுறைகூடப் போதுமான அளவு இல்லை. அங்கிகள் வந்து சேர்ந்த பிறகும், அவற்றைப் பயன்படுத்தும் பழக்கம் பலருக்கு இல்லை.

அபாயம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எபோலா கிருமி நோயாளியின் இரத்தத்திலும் வாந்தியிலும் பேதியிலும் இருக்கிறது. டாக்டர் வார்டில் வேலை செய்யும்போது அது அங்கியின் வெளிப்புறத்தில் படிகிறது. உள்ளே இருக்கும்வரை கவசம் காக்கிறது. வெளியே வந்து அதைக் கழற்றும்போதுதான் ஆபத்து. உடம்பெல்லாம் வேர்வை, கண்ணாடியில் ஆவி படிந்து பார்வை தெரியவில்லை, களைப்பு வேறு. "அப்பாடா" என்று கையுறையோடு ஒரு முறை நெற்றியைத் துடைத்தால் போதும்! அத்தனை பாடும் வீண்.

ஆகவே கழற்றுவதற்கு ஒரு வரிசை வகுத்தார்கள். இடத்துக்கு இடம் அது சற்று மாறும், அடிப்படை ஒன்றுதான். அதிகம் அழுக்கானது முதலில் போக வேண்டும். மூக்கையும் வாயையும் மூடியது கடைசிப் பக்கமாகத்தான் வர வேண்டும். அன்று ஒவ்வொரு படிக்கும் நடுவே குளோரின் தண்ணீரில் கை கழுவினார்கள்: கையுறைக்கு 0.5 சதவிகிதம், வெறும் கைக்கு 0.05 சதவிகிதம். அங்கியை உள்புறம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்ற வேண்டும். அவசரம் கூடாது.

இன்னொரு விதி: யாரும் தனியாக உள்ளே போகக் கூடாது, இருவராகப் போய் இருவராகவே திரும்ப வேண்டும். கழற்றும் இடத்தில் ஒருவர் நின்று ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்லுவார். பல முகாம்களில் குளோரின் தெளிப்பானோடு அங்கே நின்றவர் உள்ளூர்த் தொழிலாளி. "நில்! முதலில் கையைக் கழுவு!" என்று அவர் சொன்னால், எத்தனை பட்டம் பெற்ற டாக்டரும் நிற்க வேண்டும். இளம் டாக்டர் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான் என்பேன்.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியுமா? சைக்கிளைப் புத்தகம் படித்து ஓட்ட முடியுமா? பயிற்சியில், புற ஊதா விளக்கில் ஒளிரும் பொடியைக் கையுறையில் பூசுகிறார்கள். பயிற்சியாளர் அங்கியைக் கழற்றியதும் விளக்கைப் போடுகிறார்கள். கழுத்தில் ஒரு கீற்று, காதருகே ஒரு புள்ளி பளிச்சிடுகிறது! "நான் சரியாகத்தானே செய்தேன்!" என்று திகைக்கிறார். அந்தத் திகைப்பு பத்துப் பிரசங்கத்துக்குச் சமம். பொடி மின்னாத நாள் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறார்.

2014 அக்டோபரில் கியூபா 165 பேரைச் சியர்ரா லியோனுக்கு அனுப்பியது. டாக்டர்களும் நர்சுகளும் அதில் இருந்தார்கள். புறப்படுமுன் ஹவானாவின் பெத்ரோ கௌரி வெப்பமண்டல மருத்துவ நிலையத்தில் பயிற்சி. போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயும் பயிற்சி. மூன்று நாடுகளுக்கும் போன 256 பேரில் ஒரே ஒரு டாக்டருக்குத்தான் எபோலா தொற்றியது. அவரும் ஜெனீவாவில் குணமடைந்து, 2015 ஜனவரியில் அதே வேலைக்குத் திரும்பினார்.

அதே அக்டோபரில் செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், டல்லாஸ் நகரில், ஒரே ஒரு நோயாளியிடமிருந்து இரண்டு நர்சுகளுக்குத் தொற்றியது. கழுத்தை மூடாத அங்கி தந்து, டேப் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள் என்று நர்சுகளின் சங்கம் குற்றம் சாட்டியது. நல்லவேளையாக இருவரும் பிழைத்தார்கள். அதன் பிறகே, அக்டோபர் 20-ல், அந்நாட்டு அரசு விதியைத் திருத்தியது: திரும்பத் திரும்பப் பயிற்சி வேண்டும், தோல் துளியும் வெளியே தெரியக் கூடாது, மேற்பார்வையாளர் இல்லாமல் மாட்டவும் கூடாது, கழற்றவும் கூடாது. பணம் மட்டும் கவசமாகாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் நாட்டுக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, சில ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் மழைக்கோட்டும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். பிறகு சாதனங்கள் வந்தன. ஆனால் என்-95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டிப் பொருந்தினால்தான் பலன்; தாடி இருந்தால்கூட ஓரத்தில் காற்றுப் புகும். மாட்டியதும் இரு கைகளாலும் மூடி மூச்சை விட்டு, ஓரத்தில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. கற்றுக்கொடுக்காவிட்டால் யாருக்குத் தெரியும்?

தோழர்களே, இது டாக்டர்களின் பிரச்னை மட்டுமல்ல. அதே வார்டைக் கூட்டுகிற தாய், அழுக்குத் துணியைத் துவைக்கிறவர், பிணத்தைத் தூக்குகிறவர் எல்லோருக்கும் அதே கவசமும் அதே பயிற்சியும் வேண்டும். வயலில் பூச்சிமருந்து அடிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இதே பாடம்தான்: கையுறையைக் கழுவிவிட்டுக் கழற்று. முகத்தில் கட்டிய துண்டு மருந்தைத் தடுப்பதில்லை, நனைந்து அதையே மூக்கருகில் வைத்திருக்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது: தரமான சாதனம்; அவரவர் அளவுக்கு ஏற்ற சாதனம்; வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு பயிற்சி; நோய் வந்த பிறகல்ல, வருவதற்கு முன்பே பயிற்சி. நம் குழந்தையின் காய்ச்சலைப் பார்க்க வரும் அந்த இளம் டாக்டர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அவர் திரும்பினால்தான் நாளைக்கும் நம் வீட்டுக்கு வைத்தியம் உண்டு.