வெளிநாட்டுக் கை எது?

(ஒரகடம் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

இரவு ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே,

நான் பேசுவதாக இருந்த விஷயம் வேறு. ஆனால், சென்ற வாரம் இதே கூட்டு ரோட்டில் ஒலிபெருக்கி வைத்து, புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் யாவும் அந்நியர் பணத்தில் பிறந்தவை என்றும், தேசத்தின் தொழிலை ஒழிக்க நீண்டிருக்கும் வெளிநாட்டுக் கை என்றும் ஒரு பிரமுகர் முழங்கிவிட்டுப் போனதாகவும், அதற்குக் கரகோஷமும் எழுந்ததாகவும் கேள்விப்பட்ட பின்பு, அதைக் கேளாதவன்போல் கடந்து செல்ல என் மனம் ஒப்பவில்லை.

வெளிநாட்டுக் கையாம்! எந்த மண்ணில் நின்றுகொண்டு சொன்னார்? இருங்காட்டுக்கோட்டையில் கொரியாக்காரனுடைய கார். இந்த ஒரகடத்தில் ஜப்பானியன் பெயரிலும் பிரெஞ்சுக்காரன் பெயரிலும் கார். அதற்கப்பால் ஜெர்மானியனுடைய லாரி. இவற்றில் கப்பலேறும் வண்டிக்கெல்லாம் எந்தத் தேசத்துச் சட்டப்படி விளக்கு, எந்தத் தேசத்துச் சட்டப்படி புகை என்று பார்த்துப் பார்த்துப் பூட்டி அனுப்புகிறவர்கள் நீங்கள். வெளிநாட்டு முதல் வந்தால் மந்திரிகள் மாலையோடு நிற்கிறார்கள். வெளிநாட்டு வைத்தியனுடைய யோசனை வந்தால் மட்டும் அதற்குச் சதி என்று பெயர்!

அதிருக்கட்டும், புகையிலை எந்த ஊர்ச் சரக்கு? அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியன் கப்பலில் கொண்டுவந்து இறக்கினான். இந்த நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி. 1910-இல் கல்கத்தாவில் பிறந்தபோது சூட்டிக்கொண்ட நாமம் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி. இன்றைக்கும் அதில் அதிகப் பங்கு வைத்திருப்பது லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ. அதற்கடுத்த பெரும் பங்குதாரர், நம் ஆயுளுக்குப் பிரீமியம் வாங்கும் எல்.ஐ.சி.! கை தேடுகிறவர் லண்டன் வரைக்கும் போய்த் தேடட்டும்.

சட்டம் அந்நியன் எழுதிக் கொடுத்தது என்கிறார்களே, தேதியைப் பாருங்கள். நம் பார்லிமெண்டு நிறைவேற்றிய புகையிலைச் சட்டத்துக்கு ஜனாதிபதி சம்மதம் கொடுத்தது 2003 மே 18. ஜெனீவாவில் உலக சுகாதார சபை புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்றது மே 21. மூன்று நாள் முந்தியவர்கள் நாம்! பிறகு அந்த உடன்படிக்கையில் நாமே விரும்பிச் சேர்ந்து, 2004-இல் அதை உறுதியும் செய்தோம். அப்படியிருக்க, 2017 ஏப்ரலில் இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளையின் வெளிநாட்டு நன்கொடை அனுமதியை மத்திய சர்க்கார் ரத்து செய்தபோது, சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, புகையிலைக் கொள்கைக்காக அந்தப் பணத்தைக் கொண்டு பார்லிமெண்டு அங்கத்தினர்களிடமும் பத்திரிகைகளிடமும் ஆதரவு தேடினார்கள் என்பது. லண்டன் பணம் சிகரெட் விற்கலாம். அது கொல்லும் என்று சொல்ல மட்டும் வெளியூர்ப் பணம் கூடாது!

வெளியூர் உதவி என்ன செய்யும் என்பதற்கு உருகுவே நாட்டின் கதையைச் சொல்கிறேன். தென் அமெரிக்காவின் ஓரத்தில் முப்பத்தைந்து லட்சம் ஜனங்கள் வாழும் சின்னஞ்சிறு தேசம். தபாரே வாஸ்கெஸ் என்ற புற்றுநோய் வைத்தியர் அங்கே ஜனாதிபதியானார். சிகரெட் பெட்டியில் நூற்றுக்கு எண்பது பங்கு எச்சரிக்கைப் படம் போடு என்ற உத்தரவும் பிறந்தது. உடனே பிலிப் மோரிஸ் கம்பெனி, சுவிட்சர்லாந்தோடு உருகுவே செய்திருந்த முதலீட்டு ஒப்பந்தமொன்றைத் தூக்கிக்கொண்டு, 2010-இல் சர்வதேச நடுவர் மன்றத்தில் அந்தத் தேசத்தையே பிரதிவாதியாக நிறுத்தியது. வக்கீல் பீஸைக் கண்டே சிறிய சர்க்கார் பயந்து பணிந்துவிடும் என்பது கணக்கு. நியூயார்க்கின் புளூம்பெர்க் தர்மஸ்தாபனம் வழக்குச் செலவுக்குக் கைகொடுத்தது. உலக சுகாதார ஸ்தாபனம் மன்றத்தின் முன் சாஸ்திர ஆதாரங்களை வைத்தது. 2016 ஜூலை 8-இல் தீர்ப்பு: உருகுவே ஜெயித்தது, வழக்குச் செலவுக்காக எழுபது லட்சம் டாலரைக் கம்பெனி கட்டவேண்டும்! இந்தக் கையையா வெட்ட வேண்டும் என்கிறீர்கள்?

பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமாநுஜர், குரு ரகசியமென்று உபதேசித்த மந்திரத்தைத் திருக்கோட்டியூரில் ஊரைக் கூட்டி உரக்கச் சொன்னார். ஊர் கரையேறட்டும், தாம் நரகம் போனாலும் சரி என்றார். சிகரெட் கம்பெனிகளும் ரகசியம் வைத்திருந்தன. தம் சரக்கு என்ன செய்யும் என்று தாமே கண்ட ரகசியம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த வழக்கு 1998-இல் அதை அலமாரியிலிருந்து இழுத்துப் போடும்வரை அவர்கள் வாயே திறக்கவில்லை. நரகமோ, வாடிக்கைக்காரனுக்கு!

புகையிலை குறைந்தால் சர்க்காருக்கு வரி போய்விடும் என்பார் ஒருவர். சுடுகாட்டுக்கும் வரி போட்டால் இன்னும் லாபம் வருமே! பீடி சுற்றும் பெண்கள் பட்டினி என்பார் இன்னொருவர். அந்தத் தாய்மாருக்குக் கூலியைக் கூட்டிக் கொடு என்று ஒருநாளாவது அவர் வாய் திறந்ததுண்டா? நீங்கள் போனஸ் கேட்டு வேலைநிறுத்தம் செய்தால் அராஜகம். 2016 ஏப்ரல் முதல் தேதி எச்சரிக்கைப் படம் நூற்றுக்கு எண்பத்தைந்து என்று ஆனவுடன், சிகரெட் கம்பெனிகள் ஆலையை நிறுத்திக்கொண்டு சர்க்காரை மிரட்டினவே, அது தேசபக்தி!

அந்தப் படத்தின் கதி என்ன? நாளை ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு எதிரேயுள்ள பெட்டிக்கடையில் நின்று பாருங்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிற கான்ட்ராக்ட் பையன் ஒரேயொரு சிகரெட் கேட்கிறான். கடைக்காரர் பெட்டியிலிருந்து உருவிக் கொடுக்கிறார். கம்பத்தில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொள்கிறான். பெட்டியோ கடைக்காரரிடமே இருக்கிறது. எனவே பெட்டியின் மேலுள்ள படமும் அவருக்கே! ஹான்ஸ் என்ற வாய்ப்புகையிலை வேண்டுமென்றால் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னாலிருந்து வரும். தமிழகத்தில் 2013 முதல் தடை செய்த சரக்கு அது. உதட்டுக்குள் ஒதுக்கினால் துப்பாமலே லைனில் நிற்கலாம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் எவன்? பன்னிரண்டு மணி நேரம் கண் விழிக்க வைப்பவனும், விழிக்கப் புகையிலை விற்பவனும் சேர்ந்து தின்பது யாருடைய ஆயுளை?

சில்லறையாகச் சிகரெட் விற்பதைத் தடுக்கவும், வாங்கும் வயதை இருபத்தொன்றாக உயர்த்தவும் மத்திய சுகாதார இலாகா 2021 ஜனவரியில் புகையிலைச் சட்டத்துக்கு ஒரு திருத்த நகலைப் பிரசுரித்தது. இன்றளவும் அது சட்டமாகவில்லை. வெளிநாட்டுக் கை அத்தனை பலமுள்ளதானால், ஒரு காகிதத்தை நகர்த்த முடியாமலா போகும்? அதை அமுக்கிப் பிடித்திருக்கும் கை எதுவோ, அந்தப் பிரமுகரைக் கேளுங்கள்!

இங்கிருந்து மேற்கே போனால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கு அண்ணாவின் பெயர். பொடியும் புகையிலையும் அவருக்கிருந்த பழக்கங்கள் என்பது நாடறிந்தது. 1968-இல் அவரைப் பிழைக்கவைக்க நியூயார்க்கில் ரண சிகிச்சை செய்தார்கள். ஐந்து மாதத்தில் நாம் அவரை இழந்தோம். அன்று கத்தி பிடித்ததும் வெளிநாட்டுக் கைதான், ஐயா!

திருத்தத்தை நிறைவேற்று என்று டில்லிக்கு அனுப்பும் மகஜர் மேடையின் இடப்பக்கம் இருக்கிறது. புகைப்பவர்களும் கையெழுத்திடலாம், முதலில் அவர்களே இடவேண்டும் என்பது என் கோரிக்கை. விட நினைப்பவர்களுக்கு 1800-112-356 என்ற இலவசத் தொலைபேசி எண் சிகரெட் பெட்டியின் மேலேயே இருக்கிறது. சில்லறையாக வாங்குகிறவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் இங்கே சொல்லிவிட்டேன்.