தியான வீட்டில் எட்டு நாள்



புனித இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசா ஊரில் தனித்துத் தவமிருந்தபோது உருவாகத் தொடங்கிய ஞானப் பயிற்சிகளைப் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1548-இல் அங்கீகரித்தார். முழுத் தியானம் 30 நாள். நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு எட்டு நாளாகச் சுருக்கித் தருகிறார்கள். தினம் ஒருமுறை குருவானவரிடம் பேசலாம். மற்றபடி சாப்பாட்டு மேசையில்கூட மௌனம்தான். தண்ணீர் வேண்டுமானால் சொம்பைக் காட்டவேண்டும்!

சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறும்போது, 'பேசாமலிருப்பது நமக்கு ஒரு பெரிய காரியமா?' என்றுதான் நினைத்தேன். வரப்புத் தகராறில் உடன்பிறந்த தம்பியோடு ஆறு வருடம் பேசாதவன் நான். மூன்றாம் நாள், பாவங்களைச் சிந்திக்கும் வேளையில், அவன் முகமே வந்து நின்றது. என் பக்கத்து நியாயங்களையெல்லாம் உள்ளுக்குள் வாதாடினேன். ஆமென்று சொல்ல அங்கே ஆளில்லை. குருவானவரிடம் சொன்னேன். அவர் புத்தி சொல்லவில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் நற்கருணை நாதர் முன் உட்காருங்கள்" என்றார்.

ஊர் திரும்பிய மாலை, தம்பி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். பேச்சு வரவில்லை. தம்பி மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். சற்றுக் கழித்து அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.