அடமான வீடும் குடியிருப்போர் உரிமையும்

(சங்க ஆண்டு விழாவில் நலக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

இசையும் நாடகமும் கேட்டு மகிழ வந்திருக்கும் உங்கள் முன்னே அடமானம் என்றும் ஏலம் என்றும் பேசப் புகுவது, கல்யாண வீட்டில் கடன் கணக்குக் கேட்பது போலத் தோன்றலாம். ஆயினும், நம் குடும்பங்கள் ஒருசேரக் கூடுவது ஆண்டுக்கு ஒருமுறைதான். இங்கே சொல்லாவிடில் வேறெங்கே சொல்வது? இந்த ஆண்டில் நம் குடியிருப்பில் ஒரு குடும்பத்திற்கு நேர்ந்த துன்பம் இனி ஒருவருக்கும் நேரலாகாது என்னும் கவலையே எங்களை இம்மேடையில் நிறுத்தியிருக்கிறது.

பெங்களூர் நமக்குப் புதிய ஊர் அன்று. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழர் பலர். 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இங்கே தோன்றிய பின், வேலை நாடி வந்து வேரூன்றியவர் பலர். தொழிற்சாலை அளித்த வீட்டிலே வாழ்ந்தவர்கள் ஓய்வு பெற்றதும் வெளியே வீடு தேடினர். அவர்தம் மக்களும் தேடுகின்றனர். அவ்வாறு தேடும்போது இவ்வூரில் எதிர்ப்படும் ஏற்பாடுதான் 'லீஸ்'. நம் ஊர்ப்பக்கம் ஒத்தி என்றும் போகியம் என்றும் வழங்குவது இதுவே. பல இலட்சம் ரூபாயை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகையின்றி இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் குடியிருப்பது. காலி செய்யும்போது கொடுத்த தொகையை அப்படியே திரும்பப் பெறுவது. வாடகை மிச்சம், முதலும் பத்திரம் என்று நாம் எண்ணுகிறோம்.

முதல் பத்திரம்தானா என்பதே இன்றைய கேள்வி.

நாங்கள் குறிப்பிட்ட குடும்பம் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் கொடுத்து ஒரு வீட்டில் குடியேறியது. தந்தையார் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் அது. பெயர்த்தியின் கல்லூரிப் படிப்புக்கென்று வைத்திருந்த பணம். இரண்டாம் ஆண்டிலே ஒருநாள் வாசற்கதவில் ஒரு வங்கியின் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அது வீட்டுக்காரருக்கு வந்தது, நமக்கென்ன என்று அவர்கள் இருந்துவிட்டனர். வீட்டுக்காரரும் தொலைபேசியில், "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஆறுதல் சொன்னார். சில மாதங்கள் சென்றபின் நீதிமன்ற ஆணையோடு ஆட்கள் வந்து நின்றபோதுதான் அக்குடும்பம் சங்கத்தைத் தேடி வந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒப்பந்தத்திலே சாட்சிக் கையெழுத்திட்டவர் நம் நலக்குழுவைச் சேர்ந்தவர்தாம். பால் காய்ச்சிய அன்று நாங்களும் சென்று வாழ்த்தி வந்தோம். வீட்டின்மீது கடன் உண்டா என்று ஒருவரேனும் கேட்கச் சொன்னோமா? இல்லை. ஆதலின் இவ்வுரை அறிவுரை மட்டும் அன்று. எங்கள் பங்குக் குறையை ஒப்புக்கொள்வதும் ஆகும்.

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது என்று காண்போம். வீட்டுக் கடனில் தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால், வங்கி அதனை வாராக்கடனாகக் கொள்கிறது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, 60 நாட்களுக்குள் கடனைச் செலுத்துமாறு கடன்பட்டவருக்கு அறிவிப்பு அனுப்புகிறது. செலுத்தத் தவறினால், வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெறாமலே வீட்டின் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். அப்போது வீட்டின் வாசலில் அறிவிப்பை ஒட்டி, இரு செய்தித்தாள்களிலும் வெளியிட வேண்டும். அவற்றுள் ஒன்று வட்டார மொழித் தாளாக இருத்தல் வேண்டும். வீட்டை நேரில் கைப்பற்ற உதவி வேண்டுமாயின் மாவட்ட நடுவரையோ, பெருநகரத் தலைமை நடுவரையோ வங்கி அணுகும். பின்னர் ஏலம்.

குடியிருப்பவர் கதி என்ன? அவருக்கு உரிமையே இல்லை என்பது தவறு. முழு உரிமையும் உண்டு என்பதும் தவறு. 2014ஆம் ஆண்டில், ஹர்ஷத் கோவர்தன் சொண்டாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அடமானத்திற்கு முன்பே முறைப்படி ஏற்பட்ட குத்தகையாயினும், பின்னர்ச் சட்டத்திற்கு உட்பட்டு ஏற்பட்ட குத்தகையாயினும், அது சட்டப்படி முடிவுறும்வரை குடியிருப்பவரை வங்கி வெளியேற்ற இயலாது. 2016ஆம் ஆண்டில் விஷால் கல்சாரியா வழக்கில், மாநில வாடகைச் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற குடியிருப்பாளரின் உரிமையை சர்ஃபேசி சட்டம் அழித்துவிடாது என்றும் தீர்ப்பளித்தது. இவ்விரண்டும் மும்பையிலிருந்து எழுந்த வழக்குகள்.

இவற்றைக் கேட்டு நாம் உடனே மகிழ்ந்துவிட இயலாது. 1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம், பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகை வீடுகளைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. இன்றைய வாடகையோ அவ்வரம்பைக் கடந்து நெடுந்தொலைவு சென்றுவிட்டது. ஆதலின் நம்முள் பெரும்பாலோர்க்கு எஞ்சி நிற்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் ஒன்றே. அச்சட்டம் நம்மிடம் மூன்று கேள்விகள் கேட்கும்.

முதற் கேள்வி: எப்போது குடியேறினீர்? அடமானத்திற்கு முன்னா, பின்னா? வங்கியின் 60 நாள் அறிவிப்பைப் பெற்றுக்கொண்ட பின், வங்கியின் எழுத்துமூல இசைவின்றி வீட்டைக் குத்தகைக்கு விட வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. அத்தகைய குத்தகை நம்மைக் காக்காது.

இரண்டாம் கேள்வி: பத்திரம் பதிவானதா? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்த பத்திரத்தால்தான் ஏற்படும் என்பது 107ஆம் பிரிவு. முத்திரைத் தாளில் எழுதி நோட்டரியிடம் முத்திரை பெற்றால் போதும் என்று எண்ணுவது நம்மிடையே பரவியிருக்கும் பெரும் பிழை. நோட்டரி முத்திரை பதிவு ஆகாது. பதிவைத் தவிர்ப்பதற்கென்றே பதினொரு மாதம் என்று எழுதி, மூன்றாண்டு குடியிருக்கும் வழக்கமும் உண்டு. 2019ஆம் ஆண்டில் பஜரங் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவு செய்யாத ஒப்பந்தத்தையோ வாய்மொழி ஒப்பந்தத்தையோ வைத்துக்கொண்டு 107ஆம் பிரிவு இடந்தரும் காலத்திற்கு மேல் வீட்டைக் கோர இயலாது என்று கூறிவிட்டது.

மூன்றாம் கேள்வியே லீஸ் குடும்பங்களை அதிகம் வருத்துவது. அடமானம் வைத்தபின் வீட்டுக்காரர் எத்தகைய குத்தகை தரலாம்? 65அ பிரிவு அதனை வரையறுக்கிறது. நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்கு விட வேண்டும், தனித்தொகை பெறலாகாது, வாடகையை முன்கூட்டியே வாங்கலாகாது, கட்டடமாயின் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. அடமானப் பத்திரத்தில் இதற்கு மாறாக, எவருக்கும் குத்தகைக்கு விடக்கூடாது என்று எழுதியிருந்தால் அதுவே செல்லும். வாடகையே இல்லாமல் மொத்தத் தொகை பெறும் லீஸ் முறை இவ்விதியோடு எளிதில் பொருந்துவதில்லை என்பதை நீங்களே உணரலாம். பெருந்தொகை கொடுத்தவருக்குப் பெரும் பாதுகாப்பு என்று நாம் எண்ணுகிறோம். சட்டத்தின் முன்னே நிலைமை நேர்மாறாக இருக்கக்கூடும். மாத வாடகைக்காரர் இழப்பது வீட்டையும் சிறிது முன்பணத்தையும். லீஸ்காரர் இழப்பதோ வாழ்நாள் சேமிப்பை.

அப்பணம் எங்கே போகிறது? ஏலத் தொகையில் முதலில் செலவும், அடுத்து வங்கியின் பாக்கியும் கழிக்கப்படும். மிச்சம் இருந்தால் உரியவருக்குச் சேரும். லீஸ் தொகையைத் திருப்பித் தர வேண்டியவர் வீட்டுக்காரர், வங்கி அன்று. அவரிடமிருந்து பெற உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். கடனை மறைத்துப் பணம் பெற்றிருந்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். ஆயினும், வீட்டையே இழந்த ஒருவரிடமிருந்து பணம் பெறுவது எத்துணை அரிது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆகவே, வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டால் செய்ய வேண்டுவது யாது? முதலாவது, அதைக் கிழிக்காமலும் ஒளிக்காமலும் தேதியைக் குறித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நீங்கள் குடியிருக்கும் செய்தியை வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவித்து, ஒப்பந்த நகலையும் பணம் கொடுத்த சான்றையும் இணைத்து அனுப்பி, ஒப்புகை பெறுங்கள். மூன்றாவது, வங்கி பொறுப்பெடுத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். 2016ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 17(4அ) பிரிவின்படி, குத்தகை உரிமை கோருவோரின் வழக்கை விசாரிக்கும் அதிகாரம் அத்தீர்ப்பாயத்திற்கு உண்டு. அந்த 45 நாட்கள் பொன் போன்றவை. வீட்டுக்காரரின் ஆறுதல் மொழியில் அவற்றைக் கரைத்துவிடலாகாது. நான்காவது, வாடகை கொடுப்பவர் திடீரென்று நிறுத்திவிட வேண்டா. வங்கி வழியே செலுத்திச் சான்று வையுங்கள். வாடகையைத் தன்னிடம் செலுத்துமாறு வங்கி எழுதினால், வழக்கறிஞரைக் கலந்தபின் செயற்படுங்கள். ஆணை ஏதுமின்றி எவரேனும் வந்து சாமான்களை வெளியே எறிவேன் என்று மிரட்டினால், அஞ்ச வேண்டா. காவல் நிலையத்தை நாடுங்கள்.

இவை யாவும் வெள்ளம் வந்தபின் போடும் அணை. வருமுன் காப்பது இதனினும் எளிது. பணம் கொடுக்குமுன் மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். நகலை மட்டும் காட்டினால், மூலம் எங்கே என்று கேளுங்கள். பத்திரத்தை ஒப்படைத்தே வங்கியில் அடமானம் வைக்கலாம் என்பதை மறவாதீர். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறுங்கள். அதில் எல்லா அடமானமும் எப்போதும் தெரிவதில்லை. ஆதலின், 2011 முதல் இயங்கிவரும் செர்சாய் எனும் மத்தியப் பதிவகத்திலும் சிறு கட்டணம் செலுத்தித் தேடிப் பாருங்கள். கடன் உண்டெனத் தெரிந்தால், வங்கியின் எழுத்துமூல இசைவின்றிப் பணம் தராதீர். இசைவு இருப்பினும் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரர் பதிவுக்கு மறுத்தால், மாத வாடகைக்கே வேறு வீடு பாருங்கள். பதிவுச் செலவு பெரிதாகத் தோன்றலாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர்.

"இத்தனையும் கேட்டால் வீட்டுக்காரர் மனம் புண்படாதா?" என்று ஒரு தாயார் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வியே. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு என்னும் அச்சம் உள்ளத்தில் உண்டு. ஆனால், நேர்மையான வீட்டுக்காரர் பத்திரத்தைக் காட்டத் தயங்கமாட்டார். வீட்டுக்காரர்கள் எல்லோரும் வஞ்சகரும் அல்லர். தொழில் நொடித்துத் தவணை தவறியவரும் உண்டு. அவர் நல்லவரா என்பது வேறு. வீடு கடனில் இருக்கிறதா என்பது வேறு. முன்னதைப் பழகி அறியலாம். பின்னதைப் பதிவேட்டில்தான் அறிய முடியும்.

அந்தக் குடும்பத்தின் செய்தியையும் சொல்லி முடிக்கிறோம். அவர்கள் ஒப்பந்தம் பதிவாகாதது, அடமானத்திற்குப் பிந்தியது, 45 நாட்களும் கடந்திருந்தன. வழக்கறிஞர் வழியே வேண்டியதில், காலி செய்ய இரண்டு மாத அவகாசம் மட்டும் கிடைத்தது. இன்று அவர்கள் சிறியதொரு வாடகை வீட்டில் இருக்கின்றனர். பணத்திற்கான வழக்கு நடைபெறுகிறது. பெயர்த்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். முதலாண்டுக் கட்டணத்திற்கு உதவியவர்களுள் இந்த அவையில் அமர்ந்திருக்கும் பலரும் உண்டு. சாட்சிக் கையெழுத்திட்டவர் அவர்களுள் முதல்வர்.

இனி, நலக்குழு ஒரு முடிவு செய்துள்ளது. ஞாயிறுதோறும் மாலையில் சங்க நூலகத்தில் இருவர் அமர்ந்திருப்பர். வீட்டு ஒப்பந்தம் எழுதுமுன் எவரும் அதைக் கொணர்ந்து காட்டலாம். வில்லங்கச் சான்றும் மத்தியப் பதிவகத் தேடலும் பார்த்தபின்னரே நம் சங்கத்தார் எவரும் சாட்சிக் கையெழுத்திடுவர். வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளே துன்பத்தை வைத்துக்கொள்ளாதீர். அறிவிப்பு ஒட்டிய அன்றே வாருங்கள். பால் காய்ச்சும் நாளில் வாழ்த்த வருவது மட்டும் சங்கத்தின் கடமை அன்று. பணம் கொடுக்கும் நாளுக்கு முந்திய நாளிலே உடனிருப்பதும் அதன் கடமையே.