பிழையும் கவலையும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையை நாமனைவரும் அறிவோம். பிடித்தவன் பின்னர் அந்தக் குரங்கை என்ன செய்தான் என்பதை மாத்திரம் எவரும் சொல்வதில்லை. நானோ அதைப் பாயினால் மூடி வைத்தேன். அந்த வெட்கக் கதையைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

எங்கள் வளவில் என் அப்பப்பா நட்ட பலாமரமொன்று காற்றிலே சாய்ந்தது. அதனை அறுப்பித்து, பலகைகளை இரண்டு வருடகாலம் தாழ்வாரத்தில் அடுக்கிக் காயவிட்டிருந்தோம். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் என் தங்கைக்கு அதிலே ஒரு மேசை செய்து தருவதாகப் பல்கலைக்கழக விடுமுறையின்போது வாக்களித்தேன். நான் கற்ற மிஷன் பாடசாலையில் தச்சுவேலையும் ஒரு பாடமாக இருந்தது. ஆகவே துணிவுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே ஒரு துண்டு பழுதானால் வேறொரு துண்டை எடுப்போம். அப்பப்பாவின் மரத்துக்கு வேறு துண்டு ஏது?

முதலில், நான்கு கால்களில் ஒன்றை அரை அங்குலம் குறைய அறுத்துவிட்டேன். அடுத்து, இன்னொரு காலில் வெட்டிய துளை அகன்று போக, அதற்குள் இறுக நிற்கவேண்டிய கழுந்து ஆடும் பல்லைப் போல ஆடிற்று. மேற்பலகையைச் சீவுகையில், நார் ஓடும் திசைக்கு எதிராகச் சீவுளியைத் தள்ளியதால், ஒரு மூலையில் உள்ளங்கையளவு இடம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. மூன்று பிழைகள்! இரவிலே கண்ணை மூடினாலும் அந்த மூன்றுமே முன்னே நின்றன. கடைசியில் மேசையைக் கொட்டிலில் வைத்து, பாயால் மூடிவிட்டுப் பல்கலைக்கழகம் திரும்பினேன்.

"மேசை எந்தளவில் நிற்குது, அண்ணா?" என்று தங்கை தொலைபேசியில் கேட்பாள். "முடியப் போகுது" என்பேன். அந்தத் தவணை முழுவதும் அவள் தரையிலே பாய் விரித்து, முதுகு வளைந்து எழுதினாள். அரை அங்குலக் குறை அவளுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அதை மறைத்த என் கவலையே தீங்கு செய்தது.

அடுத்த விடுமுறையில் நான் வீடு வந்தபோது பரீட்சைக்கு ஐந்து வாரங்களே இருந்தன. அம்மா அயலிலுள்ள முதிய தச்சாசாரியாரை அழைத்து வந்து பாயை நீக்கிவிட்டார். அவர் சிரித்தார்.

"இதுக்கே தம்பி இவ்வளவு நாளும் மூடி வைச்சனீர்? குறைஞ்ச காலைப் பார்த்து அழாதையும். மற்ற மூண்டையும் அதுக்கு ஒப்பாக்கும். மேசை அரை அங்குலம் பதிஞ்சால் ஆர் அளக்கப் போகினம்?"

ஒவ்வொரு காலாகக் கண்மதிப்பில் அறுக்கவும் அவர் விடவில்லை. சமதரையில் மேசையை நிறுத்தி, குறைந்த காலின் கீழ் ஆப்பு வைத்து மட்டம் பார்த்து, ஒரே கட்டையைத் தரையோடு நகர்த்தி நான்கு கால்களிலும் கோடு கீறுவித்தார். ஆடும் கழுந்துக்குப் பசையும் மரத்தூளும் திணிக்க நினைத்திருந்தேன். அது பாரத்தைத் தாங்காது என்றார். அதே மரத்தில் மெல்லிய சிம்பொன்றை, நார் ஒரே திசையில் ஓடும்படி கழுந்தின் பக்கத்தில் ஒட்டி, காய்ந்தபின் உளியால் அளவாகச் சீவச் சொன்னார். பெயர்ந்த மூலையை மறுதிசையிலிருந்து மெல்லியதாகச் சீவினோம். சிறு வடு இன்றும் உண்டு.

பின்பு மேசையைக் கவிழ்த்துப் பார்த்தவரின் முகம் மாறியது. மேற்பலகையைச் சட்டத்தோடு நாற்புறமும் அசையாதபடி திருகாணியிட்டு இறுக்கியிருந்தேன்.

"இதுதான் தம்பி பிழை. மாரியிலை பலகை ஊதும், கோடையிலை ஒடுங்கும். கட்டிப் போட்டால் வெடியாமல் என்ன செய்யும்?"

மரம் நீளப்பாட்டில் ஏறக்குறைய மாறுவதில்லை. அகலப்பாட்டிலேயே ஊதி ஒடுங்கும். ஆகவே அந்தத் திசையில் திருகாணித் துளைகளை நீளமாக்கி, பலகை அசைய இடம் விட்டோம்.

நண்பர்களே, இங்கேதான் நான் திகைத்துப் போனேன். மூன்று பிழைகளுக்காக மாதக்கணக்காய் உறக்கம் இழந்த நான், மேசையைப் பிளக்கக்கூடிய நான்காவது பிழைக்காக ஒரு கணமேனும் கவலைப்பட்டேனா? இல்லை. பிறர் கண்ணில் படுவதற்கே அஞ்சினேன். கவலையின் பருமன் பிழையின் பருமனைக் காட்டும் அளவுகோல் அன்று.

இந்த மனப்பான்மை எங்கிருந்து வந்தது? பாடசாலைக் கொப்பியில் சிவப்பு மை பிழைகளை எண்ணிற்று. அவற்றை நிறுத்துப் பார்க்க நாம் பழகவில்லை. பின்லாந்து தேசம் 1866ஆம் ஆண்டிலேயே கைப்பணியைப் பொதுமக்கள் பாடசாலைகளில் பாடமாக்கிற்று. சுவீடனிலே நாஸ் என்னுமிடத்தில் 1870களில் கைப்பணி ஆசிரியர்களைப் பயிற்றத் தொடங்கிய ஒட்டோ சலொமன், பிள்ளைகளைத் தச்சராக்குவது தம் நோக்கமன்று, கவனமும் செம்மையும் உழைப்பில் மதிப்பும் உள்ள மனிதராக்குவதே நோக்கம் என்று கொண்டார். மரம் அப்படிப்பட்ட ஆசான்தான். அது புள்ளி குறைப்பதில்லை. திருத்த வருகிறாயா என்று கேட்கிறது.

ஆகவே, பிழை நேர்ந்தால் மூன்று கேள்விகளைக் கேட்போம். இது பொருளின் பலத்தைக் கெடுக்குமா? பயன்பாட்டைத் தடுக்குமா? அல்லது என் கண்ணை மாத்திரம் உறுத்துமா? முதலிரண்டையும் உடனே திருத்துவோம். மூன்றாவதோடு வாழப் பழகுவோம். எதையும் தனியே மூடி வைக்காது, அறிந்தவரை அழைத்துக் காட்டுவோம்.

மேசை நான்கு நாளில் முடிந்தது. தங்கை அதிலிருந்து படித்தே பரீட்சை எழுதினாள். வடுவுள்ள மூலையிலே மைக்கூடு வைப்பதற்கு இடம் விட்டீர்களா என்று அவள் கேட்டபோது, ஆம் என்று சொல்ல வாய் வந்தது. இல்லை, பிழைவிட்டேன் என்றேன்.