பலரும் பலவும்: கணினிப் பதிவேட்டில் ஒரு படிவம்

ஒரு பாடசாலையின் பத்தாந் தர வகுப்பில் மாணவி ஒருத்தி இருக்கின்றாள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்காக அவள் கற்கும் பாடங்கள் ஒன்பது. அவற்றுள் ஆறு கட்டாயமானவை. மூன்று அவளாகத் தெரிந்தெடுத்தவை. தெரிந்தெடுத்தவற்றுள் ஒன்று கர்நாடக சங்கீதம். அதனை அவளோடு சேர்ந்து வேறு பலரும் கற்கின்றனர். ஆகவே, ஒரு மாணாக்கருக்குப் பாடங்கள் பல. ஒரு பாடத்துக்கு மாணாக்கர் பலர். இவ்வாறு இரு திசையிலும் பலவாக விரியும் தொடர்பினைக் கணினி நூலார் ‘பலவுக்குப் பல’ என்பர்.

இத்தொடர்பு எங்கும் உள்ளதே. நூலகத்தில் ஒரு நூலை இருவர் சேர்ந்து எழுதியிருப்பர். அவ்விருவருள் ஒருவர் வேறு நூல்களும் எழுதியிருப்பார். கூட்டுறவுச் சங்கக் கடையில் ஒரு பற்றுச்சீட்டிற் பல பொருள்கள் இருக்கும். ஒரே பொருள் பல பற்றுச்சீட்டுகளில் வரும். மேசைக் கணினியிலே சிறிய தரவுத்தளம் ஒன்றை அமைக்க முற்படுவோர் பெரும்பாலும் முதலில் இடறி விழுவது இவ்விடத்திலேதான்.

இடறுதல் எவ்வாறு நிகழ்கின்றது? பழக்கமான இடாப்பின் சாயலிலேயே கணினி அட்டவணையும் வரையப்படுகின்றது. மாணாக்கரின் பெயருக்கு எதிரே ‘தெரிவுப் பாடம் ஒன்று’, ‘இரண்டு’, ‘மூன்று’ என நிரல்கள் இடப்படுகின்றன. பார்வைக்கு அது நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால், சங்கீதம் கற்போர் யாவர் என்று ஒருநாள் கேட்க நேர்ந்தால், மூன்று நிரல்களையுந் துருவ வேண்டும். ஒருவர் ‘கர்நாடக சங்கீதம்’ என்றும், மற்றொருவர் ‘சங்கீதம்’ என்றும், வேறொருவர் எழுத்துப் பிழையோடும் தட்டெழுதியிருப்பின், கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு பாடங்களே. மனிதக் கண் பொறுத்துக்கொள்ளும் பிழையைக் கணினி பொறுத்துக்கொள்வதில்லை. அந்தப் பட்டியலிலிருந்து பரீட்சை விண்ணப்பம் தயாராகுமாயின், ஒரு பிள்ளையின் பாடம் விடுபட்டுப் போகலாம். அதன் துன்பம் தட்டெழுதியவரைச் சேர்வதில்லை. பரீட்சை மண்டபத்தின் வாயிலில் நிற்கும் பிள்ளையையே சேரும்.

இதற்கு வழி வகுத்தவர் எட்கர் கொட் என்னும் ஆங்கிலேயர். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அவர், தரவுகளை அட்டவணைகளாக அமைத்து, அவற்றிடையே உள்ள தொடர்பையும் அட்டவணையில் எழுதப்படும் பெறுமானங்களாலேயே காட்டலாம் என 1970ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டார். 1992ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்ரோசொப்ட் அக்செஸ், விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் பேஸ் முதலியவை அக்கொள்கையைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தன.

அக்கொள்கையின்படி இரண்டு அட்டவணைகள் போதா, மூன்று வேண்டும். முதலாவது மாணாக்கர் அட்டவணை. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் ஓர் இலக்கம். இரண்டாவது பாட அட்டவணை. அதிலும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வரியும் ஓர் இலக்கமும் உண்டு. மூன்றாவது, இவ்விரண்டையும் இணைக்கும் சந்தி அட்டவணை. அதிலே பெயர்கள் எழுதப்படுவதில்லை. இன்ன இலக்க மாணாக்கர் இன்ன இலக்கப் பாடத்தைக் கற்கின்றார் என்னும் ஒரு செய்தியே ஒவ்வொரு வரியிலும் இருக்கும். நூற்றிருபது மாணாக்கர் ஒன்பது பாடங்கள் வீதம் கற்பின், சந்தி அட்டவணையில் 1080 வரிகள் அமையும். எண்ணிக்கை பெரிதெனினும் கணினிக்கு அது பாரமன்று.

இச்சந்தி அட்டவணையில் மாணாக்கர் இலக்கமும் பாட இலக்கமும் சேர்ந்தே முதன்மைச் சாவியாதல் வேண்டும். அப்போது ஒரே மாணாக்கருக்கு ஒரே பாடத்தை இருமுறை பதிய முயன்றால் கணினி மறுத்துவிடும். அன்றியும், இல்லாத மாணாக்கரையோ இல்லாத பாடத்தையோ குறிக்கும் வரி புகாதபடி தொடர்புக் காவலையும் இடுதல் வேண்டும்.

அட்டவணைகள் சரியாயின, இனி எழுதுபவரின் வசதியைக் கவனித்தல் வேண்டும். அலுவலகத்தில் இருந்து தரவுகளைப் பதிபவருக்கு இலக்கங்கள் நிறைந்த சந்தி அட்டவணையைத் திறந்து கொடுப்பது கொடுமை. அவருக்கு வேண்டியது ஒரு படிவம். திரையின் மேற்பாகத்தில் மாணவியின் பெயர், சுட்டிலக்கம், வகுப்பு ஆகியன தோன்றும். அது தலைமைப் படிவம். அதன் கீழே, பெட்டிக்குள் பெட்டிபோல, அவள் கற்கும் பாடங்கள் வரிவரியாகத் தோன்றும். அது துணைப் படிவம். இரண்டும் மாணாக்கர் இலக்கத்தாற் பிணைக்கப்பட்டிருக்கும். மேலே அடுத்த மாணாக்கருக்கு நகர்ந்தவுடன் கீழே அவருடைய பாடங்கள் மட்டுமே தோன்றும். கீழே புதிய வரி தொடங்கியவுடன் மாணாக்கர் இலக்கம் தானாகவே அதனுட் சேர்ந்துவிடும்.

துணைப் படிவம் எந்த அட்டவணையின்மீது அமைதல் வேண்டும்? அதிற் பாடங்களைக் காட்டுவதால் பாட அட்டவணைமீதே அமைத்துவிடலாம் என்று புதியவர் எண்ணுவர். பெருந் தவறு நேர்வது இங்கேதான். அவ்வாறு அமைத்த படிவத்தில் ஒரு மாணவிக்காகச் ‘சித்திரம்’ என்பதை அழித்து ‘நடனம்’ என்று எழுதினால், மாறுவது அவளுடைய தெரிவு அன்று. பாடத்தின் பெயரே மாறிவிடும். சித்திரம் கற்கும் அத்தனை பேரும் அக்கணமே நடனம் கற்பவராகிவிடுவர். ஆதலின், துணைப் படிவம் சந்தி அட்டவணைமீதே அமைதல் வேண்டும்.

சந்தி அட்டவணையில் இருப்பவை இலக்கங்களே எனின், பதிபவர் பாடப் பெயர்களை எவ்வாறு காண்பார்? அதற்கு உதவுவது கீழ்விரி பட்டியல். அம்புக்குறியைச் சொடுக்கினால் பாட அட்டவணையில் உள்ள பெயர்கள் வரிசையாக இறங்கும். பதிபவர் பெயரைத் தெரிவார். கணினி இலக்கத்தைச் சேமிக்கும். இலக்க நிரலின் அகலத்தைச் சுழியமாக்கிவிட்டால் அது கண்ணிற் படாது. பட்டியலில் இல்லாத எதையும் ஏற்காதபடி கட்டுப்பாடும் விதிக்கலாம். எழுத்துப் பிழையால் ஒரு பாடம் மூன்றாகும் இடர் இதனால் அடியோடு நீங்கும்.

சந்தி அட்டவணைக்குரிய வேறு செய்திகளும் உண்டு. ஒரு மாணவி ஒரு பாடத்திற் பெற்ற புள்ளி அவளுக்கு மட்டும் உரியதன்று; பாடத்துக்கு மட்டும் உரியதுமன்று. இரண்டும் சந்திக்கும் இடத்துக்கே அது உரியது. எனவே, புள்ளி என்னும் புலம் சந்தி அட்டவணையிலேயே இடம்பெறும். மூன்று தவணைகளின் புள்ளிகளையும் தனித்தனி வரிகளாக வைக்க வேண்டுமாயின், ஆண்டும் தவணையும் முதன்மைச் சாவியோடு சேர்தல் வேண்டும்.

நீக்குதலிலும் விழிப்பு வேண்டும். ஒருத்தி சித்திரத்தை விட்டு நடனத்துக்கு மாறினால், நீக்கப்படுவது சந்தி அட்டவணையின் ஒரு வரியே. சித்திரம் என்னும் பாடம் நிலைத்திருக்கும். மாணாக்கர் கற்றுக்கொண்டிருக்கும் பாடம் ஒன்றைப் பாட அட்டவணையிலிருந்து நீக்க எவரேனும் முயன்றால், தொடர்புக் காவல் அதனைத் தடுக்கும். ஆனால், தொடர்புடைய வரிகளையும் உடன் நீக்குக என்னும் விருப்பத்தைப் பாடத் தொடர்பில் இட்டுவிட்டால், அந்தப் பாடத்தோடு அத்தனை பிள்ளைகளின் பதிவுகளும் அழிந்துபோகும். அதனை இடாதிருத்தலே நன்று.

இறுதியாகச் சரிபார்த்தல். துணைப் படிவத்தின் அடியில் பாடங்களின் தொகை தானே தோன்றுமாறு செய்யலாம். ஒன்பது எனக் காட்டினால் தொகை சரி. எட்டு எனக் காட்டினால் ஒன்று விடுபட்டது என்பது அப்போதே தெரியும். முழு வகுப்புக்கும் குறைபாட்டுப் பட்டியல் எடுக்கும்போது ஒரு நுட்பம் உண்டு. சந்தி அட்டவணையை மட்டும் எண்ணினால், எட்டுப் பாடமுள்ள பிள்ளை அகப்படும். ஒரு பாடமேனும் பதியப்படாத பிள்ளை அகப்படமாட்டாது. அப்பிள்ளைக்கு அங்கே ஒரு வரியும் இல்லையல்லவா? ஆகவே, எண்ணுதலை மாணாக்கர் அட்டவணையிலிருந்தே தொடங்கி, சந்தி வரி இல்லாதவரையும் சேர்த்துக்கொள்ளும்படி வினவலை அமைத்தல் வேண்டும். முற்றாக மறக்கப்பட்டவரைக் கண்டுபிடிக்க, பெயர் இடாப்பிலிருந்து தொடங்குவதே வழி.

அதே சந்தி அட்டவணையை வைத்து எதிர்த்திசையிலும் ஒரு படிவம் அமைக்கலாம். மேலே பாடம், கீழே அதைக் கற்கும் மாணாக்கர். சங்கீத ஆசிரியைக்கு வேண்டியது அதுவே. வகுப்பாசிரியர் ஒரு வாயிலாலும் பாட ஆசிரியை மறு வாயிலாலும் நுழைந்து காண்பது ஒரே செய்தியைத்தான். ஒருவர் திருத்தியது மற்றவருக்கும் திருந்தியிருக்கும்.

படிவம் வரைவது சிறு வேலை போலத் தோன்றும். ஆயினும், திரையிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பிள்ளையின் ஓராண்டு உழைப்பு நிற்கின்றது. அவ்வுழைப்பு ஒரு விசைப் பிழையால் வீணாகாதபடி காப்பதே படிவம் அமைப்பவரின் கடமையாகும்.